உக்கடத்துக்கு வடக்கே ஒரு குருவி, தெற்கே ஒரு குருவி

கோயம்புத்தூரிலிருந்து மலையேறப் போகிறவர் எந்த மலை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். வால்பாறைக்கு என்றால் உக்கடம் பேருந்து நிலையம். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு வண்டிகளும் அங்கேதான். ஊட்டிக்கு என்றால் ஊரின் வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் நிலையம். உக்கடத்துக்குத் தெற்கே ஆத்துப்பாலத்தில் நொய்யலைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று குனியமுத்தூர் வழியாகப் பாலக்காட்டுக்கு, மற்றொன்று குறிச்சி, ஈச்சனாரி வழியாகப் பொள்ளாச்சிக்கு. 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மேம்பாலம் இந்தச் சந்தியின் நெரிசலுக்காகக் கட்டப்பட்டதுதான். வண்டி வாகன வசதியைத் தவிர வேறு எதையும் எண்ணாமல் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுகள் இவை. ஆனாலும் வடமலைக்கு ஒரு வாசல், தென்மலைக்கு ஒரு வாசல் என்ற இந்தப் பிரிவினை, மனிதர் இங்கே வருவதற்கு வெகு காலம் முன்பே விழுந்துவிட்ட ஒரு கோட்டின்மேல் அச்சாகப் பொருந்தி நிற்கிறது. அந்தக் கோட்டுக்குச் சாட்சி, ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு சோலைக்காட்டுக் குருவி.

கொங்கு நாட்டின் பழமையைப் பேசும் எழுத்துகளில் பாலக்காட்டுக் கணவாய் எப்போதும் வாசலாகவே வரும். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரி வரை அரணாக நிற்க, அந்த அரணில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் ஒரே பெரிய வழி இது. மேலைக் கடற்கரையில் இறங்கிய ரோமானியப் பொருளும் காசும் இதன் வழியாகத்தான் கரூருக்கும் அதற்கு அப்பாலும் போயின என்பதற்கு மண்ணுக்குள்ளேயே சான்று இருக்கிறது. உக்கடத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில், அதே நொய்யல் கரையில் உள்ள வெள்ளலூரில் 1842இல் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. இன்னும் கிழக்கே போனால் கொடுமணல். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே நடத்திய அகழாய்வுகள் மணிக்கற்களை அறுத்து மெருகேற்றிய பட்டறைகளையும் இரும்பு உருக்கிய உலைகளையும் வெளிக்கொண்டு வந்தன. பிற்காலத்தில் ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியதும், 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் முதலில் பாலக்காட்டையும் அடுத்துக் கோவையையும் பிடித்ததும் இந்த வாசலுக்கான சண்டைகளே. சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக பேப்பூர் வரை ரயில் பாதை 1862இல் முழுமையடைந்தபோதும், மலையைக் குடையாமல் மேற்குக் கரையை எட்ட அதற்குக் கிடைத்த வழி இதுவேதான். வாசல் என்ற வர்ணனையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அது பாதி. இதே கணவாய் சுவராகவும் இருந்தது. சுவராக இருந்த காலம் வாசலாக இருந்த காலத்தைவிடப் பல மடங்கு நீண்டது. அந்தச் சுவரின் வரலாற்றுக்கு வெள்ளலூர்க் காசுக்குச் சற்றும் குறையாத சான்று இப்போது கைவசம் இருக்கிறது. கொங்கு நாட்டின் பழமை சுவரையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

சாட்சியை முதலில் அறிந்துகொள்வோம். சோலைக்கிளி என்று பறவை நூல்களில் வழங்கும் இந்தக் குருவிக்கும் பச்சைக்கிளிக்கும் எந்த உறவும் இல்லை. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், மேலுடம்பும் மார்பும் கருநீலம், வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேலே மங்கலாக ஒரு வெண்புருவம். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே தோற்றம். கால்கள் நீளம், சிறகுகள் குட்டை. இந்த உடலமைப்பே அதன் வாழ்க்கையைச் சொல்லிவிடும்: இது பறக்கிற நேரத்தைவிடத் தத்துகிற நேரம் அதிகம். பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேலே, மலை மடிப்புகளில் பொதிந்து கிடக்கும் சோலைக்காட்டின் அடித்தட்டில், இலைச்சருகைக் கிளறிப் பூச்சி பிடித்துத் தின்று வாழ்கிறது. வெளிச்சமும் திறந்த வெளியும் இதற்கு ஆகாது. விடியலிலும் அந்தியிலும் ஒற்றையடிப் பாதை ஓரம் ஒரு கணம் வந்து, ஆளரவம் கேட்டதும் புதருக்குள் மறையும். ஏப்ரல் முதல் ஜூன் வரையான மாதங்களில் மண்சரிவிலோ மரப்பொந்திலோ பாசியும் நாரும் கொண்டு கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டை இடுகிறது. கண்ணில் படாத இந்தப் பறவை காதில் மட்டும் நன்றாகப் படும். மெல்லிய கூர்மையான சீழ்க்கைகளும் இடையிடையே கரகரத்த ஒலிகளும் கலந்த நீண்ட பாட்டு அது. அடர்ந்த காட்டுக்குள் ஒன்றின் எல்லையை மற்றொன்றுக்கு அறிவிக்க வேறு வழி இல்லாத உயிருக்குப் பாட்டுதான் வேலி. ஊர்விட்டு ஊர் போகிற பழக்கமும் இதற்குக் கிடையாது. பருவம் மாறினாலும் சோலையை விட்டு இறங்குவதில்லை.

கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் அதையொட்டிய வயநாடு, குடகு உயரங்களிலும் வாழும் சோலைக்கிளியின் விலாப்பக்கம் செம்பழுப்பு. தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் வாழ்வதன் விலாவில் அந்தச் செம்மை இல்லை. அங்கும் நீலமே படர்ந்திருக்கிறது, வயிற்றின் வெண்மை துலக்கமாகத் தெரிகிறது. இந்த இரண்டும் அறிவியலுக்கு அறிமுகமான கதையில் கோவைக்கு ஒரு பங்கு உண்டு. 1815 முதல் கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன்தான் 1819இல் நீலகிரிக்கு ஏறிப் பார்த்து, பின்னர் உதகையில் குடியேற்றத்துக்கு வழி திறந்தவர். ஐரோப்பியர் மலையில் வசிக்கத் தொடங்கியதும் பறவை, செடி, பூச்சி சேகரிப்பும் தொடங்கியது. 1836இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்த தாமஸ் ஜெர்டன் நீலகிரியில் சேகரித்த பறவைகளில் வடக்குச் சோலைக்கிளியும் ஒன்று. 1840களில், அதாவது வெள்ளலூரில் ரோமானியக் காசு கிடைத்த அதே பத்தாண்டில், அவர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இரண்டு கண்டெடுப்புகளும் ஒரே வட்டாரத்தில் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. முதலாவது இன்று ஊர்ப் பெருமையாகப் பேசப்படுகிறது, இரண்டாவதை ஊரில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. தென்பறவை வெளிச்சத்துக்கு வர மேலும் இருபதாண்டுக்கு மேல் ஆயிற்று. அகமதுநகரில் பணியாற்றிய அமெரிக்க மதபோதகர் சாமுவேல் ஃபேர்பேங்க் பழனி மலையில் பிடித்த மாதிரிகளை வைத்து, நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டு 1860களின் இறுதியில் அதைத் தனி இனமாக விவரித்தார். பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் 1848 முதலே லெப்டினன்ட் மைக்கேலின் மேற்பார்வையில் தேக்கு வெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தேக்கு நிற்கும் உயரம் வேறு, சோலை நிற்கும் உயரம் வேறு. மரத்துக்காக ஏறியவர் கண்ணில் குருவி படாததில் வியப்பில்லை.

19ஆம் நூற்றாண்டு இரண்டாகக் கண்டதை 20ஆம் நூற்றாண்டு ஒன்றாக்கியது. தோற்றத்தில் சிறு வேறுபாடுள்ள பறவைகளை ஒரே இனத்தின் வட்டார வகைகளாகச் சேர்ப்பதே அந்நாளைய வகைப்பாட்டு மரபு. சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் எழுதிய பறவைப் பெருந்தொகுதியிலும் இரண்டும் ஒரே இனத்தின் கிளையினங்களே. அதுவும் இமயமலைப் பக்கம் வாழும் குட்டைச்சிறகுக் குருவிகளோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டன. 2005இல் பமேலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தங்கள் தெற்காசியப் பறவை நூலில் இரண்டையும் மறுபடி பிரித்தார்கள். 2010இல் வி.வி. ராபின், அனிந்திய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக வலைகட்டிப் பிடித்த சோலைக்கிளிகளிடம் துளி ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிட்டு, அந்த ரத்தத்தின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். கிடைத்த விடை தெளிவானது: இவற்றிடையே உள்ள மிகப் பழைய, மிக ஆழமான பிளவு பாலக்காட்டுக் கணவாயில் விழுகிறது, அடுத்தது இன்னும் தெற்கே உள்ள செங்கோட்டைக் கணவாயில். 2017இல் ராபினும் அவருடைய குழுவினரும் இன்னொரு படி மேலே போனார்கள். இமயமலைக் குட்டைச்சிறகுகளோடு இவற்றைச் சேர்த்ததே தவறு. ஈப்பிடிப்பான் குடும்பத்தின் நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய தனிக் கிளை இவை, உலகில் இந்த மலைத்தொடரில் மட்டுமே தழைத்த கிளை என்று நிறுவி, ஷோலிகோலா என்ற புதுப் பேரினத்தை உருவாக்கினார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழ்வது மூன்றாவது இனம் என்றும் அறிவித்தார்கள். அதே ஆய்வில் சோலைகளின் சிரிப்பான் குருவிகளுக்கும் மான்டிசிங்க்ளா என்ற தனிப் பேரினம் கிடைத்தது. அங்கும் நீலகிரிச் சிரிப்பான் கணவாய்க்கு வடக்கே, பழனிச் சிரிப்பான் தெற்கே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பறவைக் குடும்பங்கள் ஒரே இடத்தில் இரண்டாகப் பிளந்து நிற்கின்றன. தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

பெயர் இத்தனை முறை மாறிய ஒன்றைச் சாட்சியாக ஏற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நேற்று ஒன்று, இன்று மூன்று, நாளை வேறொருவர் எழுந்து மறுபடி ஒன்றென்பார். ஆய்வாளர்களின் பிரிக்கும் ஆசையை மலையின் வரலாறாக எடுத்துக்கொள்வானேன் என்பது அவர்கள் வாதம். இனம் என்ற எல்லையை எங்கே வரைவது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்யும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே நமக்குத் தேவையானது பெயர் அல்ல. இரண்டு பக்கத்துப் பறவைகளும் வெகுகாலமாக ஒன்றோடொன்று கலக்கவில்லை என்ற செய்தி எந்தப் பெயரில் அழைத்தாலும் மாறாது. அந்தச் செய்திக்கு மரபணு மட்டும் சாட்சி இல்லை. விலாவின் நிறம் ஒரு சாட்சி, பாட்டு இன்னொரு சாட்சி. 2011இலும் 2016இலும் வெளிவந்த ஆய்வுகள் சோலைக்கிளியின் பாட்டைப் பதிவு செய்து அலசி, பழைய தடைகளால் பிரிந்த கூட்டங்களிடையே பாட்டின் இயல்புகள் மாறியிருப்பதைக் காட்டின. குருவிக்குப் பாட்டு, துணை தேடவும் எல்லை காக்கவும் உள்ள கருவி. இரண்டு கரையிலும் பாட்டே வேறாகிவிட்டதென்றால், கலப்பு நின்று எத்தனையோ தலைமுறை கடந்துவிட்டது என்றுதான் பொருள். ஜெர்டனும் பிளான்ஃபோர்டும் மரபணு என்ற சொல்லையே அறியாதவர்கள். இறந்த பறவையின் தோலை மட்டும் பார்த்து அவர்கள் தனித்தனிப் பெயர் கொடுத்ததும், ஒன்றரை நூற்றாண்டு கழித்து ரத்தத்துளி சொன்னதும் ஒத்துப்போகின்றன. நடுவில் சேர்த்தவர்கள்தான் பிசகியவர்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிறகுள்ள உயிருக்கு 30 கிலோமீட்டர் ஒரு தூரமா? ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி வாக்கில் இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி கோவைக்கு வந்து சேர்கிறது. களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. சோலைக்கிளியைவிடச் சிறிய காஷ்மீர் ஈப்பிடிப்பான், பெயருக்கேற்பக் காஷ்மீர்ப் பக்கத்தில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் கழிக்கிறது. உக்கடம் பெரியகுளத்தில் குளிர்காலத்தில் இறங்கும் வாத்துகளில் சில நடு ஆசியாவிலிருந்து வருபவை. இப்படி நாடு கடந்து வரும் பறவைகள் நடுவே, வாளையாற்றைத் தாண்ட மாட்டாத ஒரு குருவியைக் கற்பனை செய்வது கடினம்தான். ஆனால் தடையைத் தூரத்தால் மட்டும் அளக்கும்போதே இந்தக் கடினம் எழுகிறது. வலசை போகும் குருவிக்குக் கூர்ந்து நீண்ட சிறகும், புறப்படுமுன் கொழுப்பைச் சேமிக்கும் உடலும், திறந்தவெளிக்கு அஞ்சாத இயல்பும் இருக்கின்றன. சோலைக்கிளிக்கு இந்த மூன்றும் இல்லை. அதன் உலகம் ஈரமும் நிழலும் குளிரும். நீலகிரியின் உச்சி தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரண்டு மலைநிலங்களுக்கும் நடுவே கணவாயின் தரை கடல்மட்டத்திலிருந்து 150 முதல் 400 மீட்டர் உயரத்தில்தான் கிடக்கிறது. வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய, மலை மறைவில் இருக்கும் கோவைச் சமவெளிக்கு வழக்கமாகக் கிடைப்பது அதில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. வேலும் கருவேலும் நிற்கும் மேட்டாங்காடு ஒரு சோலைக்குருவிக்குக் கடல் போன்றது. மனிதன் காடழித்துச் சோளமும் பருத்தியும் விதைக்கும் முன்பு இங்கே இருந்தவையும் இலையுதிர் காடும் புதர்க்காடும்தானே தவிர, குளிர்ந்த சோலை அல்ல.

காலநிலை எப்போதும் இப்படியே இருந்ததா என்ற கேள்விக்கும் விடை வேண்டும். இல்லை. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மட்கிய மண்ணை ஆராய்ந்து ஆய்வாளர் சுகுமாரும் அவருடன் உழைத்தவர்களும் 1993இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கடந்த 20,000 ஆண்டுகளில் அந்த மலைமேல் புல்லும் காடும் மாறி மாறி மேலோங்கியிருக்கின்றன. பனியுகத்தின் வறண்ட காலத்தில் புல் பரவ, ஈரமான காலத்தில் மரம் பரவியது. அதற்கு முந்தைய சுழற்சிகளிலும் இப்படியே நடந்திருக்கும் என்று கொள்ளலாம். ஆகவே ஏதோ ஒரு குளிர்ந்த ஈரக் காலத்தில் சில பறவைகள் கணவாயைக் கடந்திருக்கக்கூடும். உண்மையில் கடந்தும் இருக்கின்றன. 2015இல் ராபின் குழுவினர் மலைவாழ் பறவைகளில் 23 இனங்களை, மொத்தம் 356 பறவைகளை, ஒன்பது இடங்களில் பிடித்து ஆராய்ந்தபோது, கணவாயின் தடம் பதிந்திருந்தவை 10 இனங்கள் மட்டுமே. மீதி 13இல் அந்தப் பிளவு இல்லை. பிளந்த பத்தும் ஒரே நாளில் பிளந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காலம், பெரும்பாலானவை பனியுகச் சுழற்சிகளின் காலத்தைச் சேர்ந்தவை.

இந்த எண்கள் என் வாதத்துக்கு எதிராகப் பேசுவதாகத் தோன்றலாம். பாதிக்கு மேற்பட்ட பறவைகள் பொருட்படுத்தாத ஒன்றைச் சுவர் என்பது மிகை அல்லவா? மிகைதான், எல்லா உயிர்க்கும் பொதுவான சுவர் என்று சொன்னால். ஒரு நிலம் யாருக்கு வாசல், யாருக்குச் சுவர் என்பது கடக்கிற உயிரின் இயல்பையும் கடக்கிற காலத்தையும் பொறுத்தது என்பதையே இந்த 10க்கு 13 காட்டுகிறது. மனிதருக்குள்ளேயே இது உண்டு. வணிகச் சாத்துக்கு வாசலாக இருந்த அதே கணவாய் 18ஆம் நூற்றாண்டுப் படைகளுக்குக் கோட்டை கட்டி அடைக்க வேண்டிய ஓட்டையாக இருந்தது. யானையை எடுத்துக்கொள்ளுங்கள், நடந்தே பல நூறு கிலோமீட்டர் சுற்றும் விலங்கு. 2005இல் வெளியான ஆய்வு, நீலகிரிப் பகுதி யானைகளுக்கும் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளுக்கும் மரபணுவில் வேறுபாடு இருப்பதைக் காட்டியது. ஆற்றல் இருந்தும் கடக்காத உயிரும் உண்டு, ஆற்றல் குறைந்தும் எப்போதோ கடந்துவிட்ட உயிரும் உண்டு. இத்தனை உயிர்களில் சோலைக்கிளியைத் தனியே எடுத்துப் பேசக் காரணம், அதன் பிளவு எல்லாவற்றிலும் பழமையான பிளவுகளில் ஒன்று என்பது. கணவாய் தோன்றியதோ பாறைகளின் பிளவுக்கோட்டில், இந்தக் குருவிகள் பிரிவதற்கு வெகு காலம் முன்பு. அந்தப் பள்ளம் ஓர் உயிரை எவ்வளவு முழுமையாகப் பிரித்துவைக்க முடியும் என்பதற்கு இந்தக் குருவிதான் உச்ச உதாரணம்.

இன்னொரு மறுப்பு சமூகத்தின் பக்கமிருந்து வரும்: மலைச் சோலைகளைத் துண்டாடியவர்கள் மனிதர்கள், பழங்காலக் கணவாயைப் பேசிக்கொண்டிருப்பது அந்தப் பழியை மறைக்க உதவும். இந்த எச்சரிக்கை நியாயமானது. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தைலமரமும் சீகைமரமும் வந்து இறங்கின. அதே நூற்றாண்டின் இறுதியில் வால்பாறை மேட்டில் காடு தேயிலைத் தோட்டமாகத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறையே புல்வெளிகளில் மரம் நட்டது. அந்த மரத்தில் ஒரு பகுதி மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போய்க் கூழாகிச் செயற்கைப் பட்டுநூலாயிற்று. 1970களிலிருந்து 2017 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, சோலைக்காட்டின் பரப்பு பெரிதாக மாறவில்லை, ஆனால் அதைச் சூழ்ந்த புல்வெளியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மரத்தோட்டங்களுக்கும் படர்ந்து பரவிய அயல்மரங்களுக்கும் பறிபோயிருக்கிறது என்கிறது. அதற்கு முந்தைய நூறாண்டு அழிவு இந்தக் கணக்கில் சேராது. மனிதர் எழுப்பிய இந்தப் புதுச் சுவர்களும் குருவியின் ரத்தத்தில் பதியத் தொடங்கிவிட்டன. சோலைக்கிளியையும் சிரிப்பானையும் பற்றி 2015இல் வந்த மற்றோர் ஆய்வு அண்மைக் காலக் காடழிப்பின் தடத்தை அவற்றின் மரபணுவில் கண்டது. ஆனால் பழைய சுவரையும் புதுச் சுவரையும் பிரித்தறிய வேண்டியது இதனால்தான் அவசரமாகிறது. பாட்டு பற்றிய 2016 ஆய்வின் சுவையான முடிவே இதுதான்: பழங்காலத் தடையால் பிரிந்த கூட்டங்களில் மாறியிருக்கும் பாட்டின் கூறுகள் வேறு, நேற்றைய காடழிப்பால் பிரிந்த கூட்டங்களில் மாறியிருக்கும் கூறுகள் வேறு. கணவாய் செய்த வேலைக்கும் கோடரி செய்த வேலைக்கும் குருவியே தனித்தனிக் கையொப்பம் வைத்திருக்கிறது. கணவாயைப் பேசினால் கோடரியின் பழி குறையாது. எது கோடரியின் வேலை என்று உறுதியாகச் சுட்ட, எது கணவாயின் வேலை என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

இதெல்லாம் பறவை நூலுக்கு உரியது, ஊர் வரலாற்றில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். கொங்கின் ஊர் வரலாறு எதனால் ஆனது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். கோவையின் சிலுசிலுப்பைப் புகழாத கோவைக்காரர் இல்லை. ஆடி மாதம் உக்கடம் குளத்து நீரைச் சுருட்டிக்கொண்டு வீசும் காற்று, தென்மேற்குப் பருவக்காற்று கணவாயில் நெருக்கிக்கொண்டு நுழைவதால் வருவது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதே காற்றில். அந்தக் காற்று ஈரத்தை மலைகளில் விட்டுவிட்டு வருவதால்தான் சமவெளி வறண்டது; வறண்ட கரிசலில்தான் பருத்தி விளைந்தது; பருத்தி விளைந்த மண்ணில்தான் பஞ்சாலைகள் எழுந்தன. சோலைக்கிளியை இறங்கவிடாமல் தடுத்த வறட்சியும், பருத்தியை வரவழைத்த வறட்சியும் ஒன்றே. ஒரே காரணத்தின் ஒரு விளைவை ஊர் வரலாற்றிலும் மற்றொன்றை விலங்கியலிலும் பிரித்து வைத்திருப்பது நூலக அலமாரியின் வசதிக்காகவே தவிர நிலம் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. கோவையில் காஸ் வன அருங்காட்சியகம் 1902இல் தொடங்கியது. ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலான பறவையியல் மையம் 1990இல் எழுந்தது. காட்டை ஆராயும் நிறுவனங்களை இப்படி நூறாண்டுக்கு மேலாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர் வரலாற்றை மட்டும் ரோமானியக் காசிலிருந்து தொடங்குவது நமக்கு அழகல்ல.

நடைமுறையிலும் இந்த வரலாற்றுக்கு ஒரு விளைவு உண்டு. இரண்டும் ஒரே குருவி என்று நம்பிய காலத்தில், நீலகிரியில் குறைந்தால் ஆனைமலையில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடிந்தது. தேவைப்பட்டால் அங்கிருந்து பிடித்து வந்து விடலாம் என்றுகூட யாராவது திட்டம் தீட்டியிருக்கலாம். அந்த ஆறுதலுக்கு இப்போது இடமில்லை. உயிரினங்களின் நிலையைத் தரப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி அருகிவிட்ட இனம். தெற்கே வாழும் வெள்ளைவயிற்றுச் சோலைக்கிளி அழிய வாய்ப்புள்ள இனம். உதகைச் சோலையில் அற்றுப்போவதை வால்பாறைச் சோலையிலிருந்து ஈடுகட்ட முடியாது. வனத்துறையின் மேலாண்மைத் திட்டங்களும், பறவைக் கணக்கெடுப்புகளும், சோலைகளை மீட்க ஒதுக்கும் பணமும் கணவாய்க்கு வடக்கே ஒரு கணக்காகவும் தெற்கே ஒரு கணக்காகவும் எழுதப்பட வேண்டும்.